கும்பகோணம்: 2 அடி தொட்டி, 18 மீன், 10 நாளில் 11 செத்துவிட்டன. எங்கே தப்பு?

அரசலாற்றங்கரை | ஏப்ரல் 21, இரவு 10.40

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன், மீன் வளர்ப்புக்குப் புதியவன். நான்காம் வகுப்பு முடித்த மகள் ஆசைப்பட்டாள் என்று இந்த மாதம் 11ஆம் தேதி தொட்டி வாங்கினேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அன்று மாலையே போர் தண்ணீர் நிரப்பி, கல் பரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, மீன்களையும் விட்டுவிட்டோம். கோல்டு 2, ஏஞ்சல் 2, நியான் டெட்ரா 4, கப்பி 4, டைகர் பார்ப் 4, ஃபைட்டர் 1. தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லிக் கொடுத்த சக்கர் 1.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டி, கல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாம் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டேன். அதிலிருந்து 3 நாளுக்கு ஒருமுறை அப்படித்தான் கழுவுகிறேன். நியான் நான்கும் முதல் வாரத்திலேயே போய்விட்டன. பிறகு கோல்டு இரண்டும், கப்பி 3, ஒரு ஏஞ்சல், ஒரு டைகர். மிச்சம் இருப்பவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காலையில் எழுந்ததும் மகள் தொட்டியிடம் ஓடுகிறாள், எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன் சாகின்றன?


வெண்ணாறு | ஏப்ரல் 22, காலை 6.15

தம்பி, முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாதித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவு புதிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கல்லையும் ஸ்பாஞ்சையும் தொடாதீர்கள். 2 நாளைக்குத் தீனி வேண்டாம், மீன் பசியால் சாகாது. ஃபைட்டரைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மாலையில் விரிவாக எழுதுகிறேன். உங்கள் போர் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறீர்களா?


அரசலாற்றங்கரை | ஏப்ரல் 22, காலை 8.05

நன்றி அண்ணா. பாதி மாற்றிவிட்டேன். பிளீச்சிங் போடுவதில்லை. தண்ணீர் கடினம்தான், குழாயில் வெள்ளையாகப் படியும். ஆர்.ஓ. மாட்ட வந்தவர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 870 என்று சொன்னதாக நினைவு.


வெண்ணாறு | ஏப்ரல் 22, இரவு 9.30

தஞ்சாவூரில் 16 வருடமாக வளர்க்கிறேன். நானும் முதல் தொட்டியில் இதையேதான் செய்தேன், அதனால்தான் இவ்வளவு எழுதத் தோன்றுகிறது.

மீன் கழிவை வெளியேற்றுவது பெரும்பாலும் செவுள் வழியாக, அம்மோனியாவாக. சாப்பிடாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா உண்டு, நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை உண்டு. இவை தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவுக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் முதல் நாளே 18 மீன் விட்டீர்கள். அப்புறம் 3 நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சைத் தேய்த்துக் கழுவினீர்கள். ஒவ்வொரு தடவையும் வளர ஆரம்பித்த பாக்டீரியா குழாயடியில் போய்விட்டது. 10 நாளாக உங்கள் தொட்டிக்கு வயது 3 நாள்தான்.

தண்ணீர் வெளுத்ததும் அழுக்கு இல்லை. புதுத் தொட்டியில் வேறு பாக்டீரியா சட்டென்று பெருகுவதால் வருவது, விட்டால் சில நாளில் தானாகத் தெளியும்.

நம் பக்கத்துத் தண்ணீரில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. அம்மோனியாவில் எவ்வளவு பங்கு விஷமாக இருக்கும் என்பதைப் பி.எச்.சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) சூடும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பி.எச். 7 இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் 8 இருக்கும் தண்ணீரில் விஷப் பங்கு சுமார் 10 மடங்கு. அதுவும் இது சித்திரை மாதம். ஊட்டியில் ஒருவர் இதே தவறைச் செய்தால் மீனுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்க இடம் இருக்கும், நமக்கு இல்லை.

மேலே வந்து வாய் பிளப்பதற்கு அம்மோனியா செவுளைப் புண்ணாக்குவது ஒரு காரணம். சூட்டில் ஆக்சிஜன் குறைவது இன்னொன்று. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி வையுங்கள், 2 டிகிரியாவது இறங்கும். ஆவியாகிக் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.


மன்னார்குடி வயக்காடு | ஏப்ரல் 23, காலை 5.50

வெண்ணாறு அண்ணன் சொன்னதை நான் என் வயலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுத அன்றைக்கே யாரும் நடவு போடுவதில்லை. தண்ணீர் கட்டி, ஒரு வாரம் பத்து நாள் மட்க விட்டால்தான் நாற்று பச்சை பிடிக்கும். அவசரப்பட்டு நட்டால் மஞ்சளடித்து நிற்கும். தொட்டியும் அப்படித்தான். முதலில் தண்ணீர் விட்டு, மோட்டாரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு மட்க விடுங்கள். மீன் அப்புறம்.


அரசலாற்றங்கரை | ஏப்ரல் 23, காலை 9.20

ஐயா, நீங்கள் சொன்னதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அப்பாவும் விவசாயிதான். மகளுக்கும் இதையே சொல்லிவிட்டேன்.


மயிலாடுதுறை மீனாட்சி அம்மன் தெரு | ஏப்ரல் 23, மாலை 4.10

எல்லோரும் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் சின்ன பவுலில் ஒரு கோல்டு ஃபிஷ் 8 மாதமாக இருக்கிறது. ஃபில்டர் கிடையாது, டெஸ்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் மாற்றுவோம், அவ்வளவுதான். மீனின் தரம் சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


வெண்ணாறு | ஏப்ரல் 23, இரவு 8.45

உங்கள் மீன் நன்றாக இருக்கட்டும் சார். ஒற்றை மீன், வாரம் ஒருமுறை முழுத் தண்ணீர் என்பதால் ஓடுகிறது. ஆனால் நல்ல இடம் கிடைத்தால் கோல்டு ஃபிஷ் 10 வருடத்துக்கு மேல் வாழும், ஒரு அடி நீளத்துக்கு வளரும் வகையும் உண்டு. 8 மாதம் அதற்குக் குழந்தைப் பருவம். பவுலில் அது வளராமல் இருந்தால், இடத்துக்குத் தக்கபடி அமைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வளர முடியாமல் தவிக்கிறது. முடிந்தால் 2 அடித் தொட்டிக்காவது மாற்றுங்கள், பிறகு இன்னும் பெரியதாக.

மீன் ஏற்கெனவே களைத்து வந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்க் கடைகளுக்கு நிறைய மீன் சென்னை கொளத்தூரிலிருந்து பையில் அடைத்து வருகிறது. இரவெல்லாம் பயணம் செய்த மீனை அன்றே வாங்காமல், ஒரு வாரம் கடையில் தாக்குப்பிடித்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.


திருவையாறு அக்கா | ஏப்ரல் 24, மதியம் 1.30

தம்பி, நீங்கள் வாங்கிய பட்டியலைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. 'எல்லாத்திலும் ஒரு ஜோடி' என்று வாங்குவது நம் பக்கத்துப் பழக்கம். கடையில் விலையே ஜோடிக்குத்தான் சொல்வார்கள். ஆனால் மீன்கள் எல்லாம் ஜோடியாக வாழ்பவை இல்லை. நியான் கூட்டமாக வாழ்வது, 6க்குக் குறைந்தால் பயத்திலேயே ஒடுங்கிவிடும். அதுவும் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீர் மீன். குழாயில் வெள்ளை படியும் உங்கள் தண்ணீரும் சித்திரை வெயிலும் அதற்கு ஆகவே ஆகாது. டைகர் பார்ப் கூட்டம் குறைந்தால் மற்ற மீனின் வாலைக் கடிக்கும், ஏஞ்சலின் நீளத் துடுப்பையும் கப்பி வாலையும் விடாது. ஏஞ்சல் பெரிதானால் நியானை விழுங்கிவிடும். ஃபைட்டர் ஆண் கப்பியின் வண்ண வாலைப் பார்த்து எதிரி என்று நினைத்துத் துரத்தும். உங்கள் தொட்டியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வழியே இல்லை.

சக்கர் மீன் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அது தொட்டியைச் சுத்தம் செய்யாது. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிவு போடும். கடையில் விரல் நீளம், வளர்ந்தால் ஒன்றரை அடி. பெரிதானதும் வைத்துக்கொள்ள முடியாமல் வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். கேரளத்து நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. வலையில் மாட்டினால் அதன் முள் துடுப்பு வலையையே கிழிக்கும், தின்னவும் ஆள் கிடையாது. நம் ஆற்றில் அயிரையும் கெண்டையும் இருக்க வேண்டிய இடம் அது.


நாகை உப்புக்காற்று | ஏப்ரல் 24, மாலை 6.00

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. கடைகளில் 'ஷார்க்' என்று கொடுக்கும் வெள்ளி நிற மீனும் ஒரு கெளுத்தி வகைதான், ஒரு மீட்டருக்கு மேல் வளரும்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆரம்பத்தில் ஆர்.ஓ. கேன் வாங்கி வாங்கித் தொட்டியை நிரப்பினேன். செலவுக்குச் செலவு, மீனும் நிற்கவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பே இல்லை, பி.எச். தடாலென்று விழுந்துவிடும். பிறகு மாற்றி யோசித்தேன். என் தண்ணீருக்கு ஏற்ற மீன் எது என்று பார்த்து மோலி வாங்கினேன். மோலி கடினத் தண்ணீரில் கொழிக்கும், மெல்லப் பழக்கினால் கடல் தண்ணீரில்கூட வாழும். ஐந்து வருடமாகச் சொந்தப் போர் தண்ணீர்தான், ஒரு பிரச்சினையும் இல்லை. கும்பகோணத்துத் தண்ணீருக்குக் கப்பி, பிளாட்டி, மோலி எல்லாம் அருமையாக வரும். கடைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பேரின் மீன் பிழைத்துவிடும் என்பது என் அனுபவம்.


அரசலாற்றங்கரை | ஏப்ரல் 27, இரவு 9.15

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வரவழைத்துப் பார்த்தேன். பி.எச். 8.2. அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். நைட்ரைட் 0. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

டைகர் மூன்றையும் ஏஞ்சலையும் சக்கரையும் கடைக்காரர் முகம் கோணாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். ஃபைட்டர் 15 லிட்டர் தொட்டிக்குப் போய்விட்டது, நன்றாகச் சாப்பிடுகிறது. பெரிய தொட்டியில் இப்போது ஒரே ஒரு பெண் கப்பி, வாலில் பாதி கடிபட்டு.

இரண்டு கேள்வி. உறவினர் கல்லுப்பு போடச் சொல்கிறார், போடலாமா? ஆற்றில் தண்ணீர் வந்ததும் அரசலாற்றுத் தண்ணீரை எடுத்து விடலாமா?


வெண்ணாறு | ஏப்ரல் 27, இரவு 10.20

உப்பு அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. ஆனால் அடுத்த கட்டத்தில் நைட்ரைட் ஏறும், அது ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்த நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைக் குறைக்கும். அதனால் அப்போது லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றலாம், கப்பி தாங்கும். உங்கள் தொட்டியில் கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் இருக்கும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் சேருங்கள். இப்போதைக்கு நாள் விட்டு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். வயல் வடிகால் எல்லாம் அதில் கலக்கிறது, பூச்சிமருந்து எந்த நாளில் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியாது. முனிசிபல் தண்ணீர் என்றால் ஒரு நாள் பக்கெட்டில் வைத்திருந்து ஊற்றுங்கள், அல்லது ஹைப்போ (குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்ஃபேட்) போடுங்கள். குளோரின் மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டியிருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் வர முடியுமா? என் பழைய தொட்டியில் ஓடும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தருகிறேன். ஈரமாகவே பையில் போட்டுக் கொண்டுபோய் உங்கள் ஃபில்டரோடு வைத்துவிட்டால் 6 வாரம் 3 வாரமாகக் குறையும். என் தொட்டியில் இப்போது நோய் எதுவும் இல்லை, கவலை வேண்டாம்.


பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு | ஏப்ரல் 29, இரவு 11.05

இழை முழுவதும் படித்தேன். மின்தடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்கள் தோப்பில் மரங்கள் விழுந்ததை இங்கே எழுதினால் நிறுத்த முடியாது, அதை விடுங்கள். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது என்னிடம் இரண்டு தொட்டி இருந்தன. 3 அடித் தொட்டியில் ஆசைப்பட்டு ஆசைப்பட்டுச் சேர்த்த 40 மீன். 2 அடித் தொட்டியில் 8 பிளாட்டியும் நிறைய செடியும்.

3 அடித் தொட்டியில் முதல் நாள் இரவே சாக ஆரம்பித்துவிட்டன. மூன்றாம் நாள் கிட்டத்தட்ட காலி. இவ்வளவுக்கும் வெளியே மாட்டும் பெரிய ஃபில்டர் அதில் இருந்தது. தண்ணீர் ஓடாமல் நின்றதும் ஃபில்டர் உள்ளே இருந்த பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் செத்து அழுகிவிட்டது. பிளாட்டித் தொட்டியில் ஸ்பாஞ்சைக் கழற்றித் தண்ணீரிலேயே மிதக்கவிட்டேன். தீனி நிறுத்திவிட்டேன். என் மனைவியும் நானும் மாறி மாறி ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றினோம். காலை, மாலை, படுக்கும் முன், பத்து பத்து நிமிடம். எட்டும் பிழைத்தன.

அதிலிருந்து எத்தனை மீன் விடலாம் என்று யாராவது கேட்டால், கரண்ட் இல்லாத ஒரு நாளை எத்தனை மீன் தாங்குமோ அத்தனை என்றுதான் சொல்வேன். மாதாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலைதான் வருகிறது. அதற்கே நிறைந்த தொட்டி திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகம் இல்லை.


மன்னார்குடி வயக்காடு | ஏப்ரல் 30, காலை 6.10

சொம்பால் மொண்டு ஊற்றியதைப் படித்ததும் எங்கள் வீட்டில் அந்த நாட்களெல்லாம் திரும்ப வந்துவிட்டன ஐயா.


புதுசா வந்தவன், திருவாரூர் | மே 2, மாலை 5.25

வயல் வாய்க்காலில் சின்ன மீன் பிடித்துத் தொட்டியில் விடலாமா? செந்நிறமாகக் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு போகிறது, பார்க்க அவ்வளவு அழகு.


மன்னார்குடி வயக்காடு | மே 2, இரவு 7.40

அது விரால் குஞ்சு தம்பி. பக்கத்திலேயே பெற்ற மீன்கள் காவல் இருக்கும். பெரிதானதும் தொட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பெற்றவையோடு இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.


திருவையாறு அக்கா | மே 2, இரவு 8.15

வாய்க்கால் மீன் எதுவானாலும் ஒட்டுண்ணி வரும், 3 வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். கடை மீனுக்கும் இதே விதிதான். வெள்ளைப்புள்ளி நோய் முதல் வாரத்தில் வெளியே தெரியாமல் இருக்கும். மீன் வந்த பையைத் தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.


அரசலாற்றங்கரை | மே 9, காலை 7.00

அண்ணா, அக்கா, ஐயா எல்லோருக்கும். அந்த ஒற்றைக் கப்பி குட்டி போட்டிருக்கிறது. மகள்தான் முதலில் பார்த்தாள். 14 எண்ணினோம், ஃபில்டருக்குப் பின்னால் இன்னும் இருக்கலாம். ஆண் எதுவுமே உயிரோடு இல்லையே, எப்படி?

தஞ்சாவூர் ஸ்பாஞ்சு வந்து 6 நாள். அம்மோனியா 0.25க்கு இறங்கிவிட்டது, நைட்ரைட் 0.5.


வெண்ணாறு | மே 9, காலை 7.30

பெண் கப்பி ஒருமுறை சேர்ந்ததன் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். இன்னும் ஒன்றிரண்டு முறைகூட, மாதத்துக்கு ஒருமுறை போல, போடலாம். உடனே தாயைத் தனியாக எடுங்கள், பசித்தால் குட்டியைத் தின்றுவிடும். அல்லது ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடிக் கட்டு ஒன்றை உள்ளே போடுங்கள், குட்டிகள் ஒளிந்துகொள்ளும். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவை விரல் நுனி அளவு கரைத்து விடலாம். ஆனால் கவனம், அதிகமானால் மறுபடியும் அம்மோனியா. நைட்ரைட் வந்துவிட்டது, இப்போது அந்த உப்பைப் போடுங்கள்.


நாகை உப்புக்காற்று | மே 9, காலை 8.10

காலையில் நல்ல செய்தி. பாப்பாவுக்கு என் வாழ்த்து.


அரசலாற்றங்கரை | ஜூன் 7, இரவு 9.50

இரண்டு வாரமாக அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, நான் ஒருநாளும் கழுவவில்லை. வாரம் ஒரு முறை இரண்டு பக்கெட் மாற்றுகிறேன், காலையில் ஒருவேளை மட்டும் தீனி, 2 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. 11 குட்டி பிழைத்திருக்கின்றன. மகள் நோட்டுப் போட்டு ஒவ்வொரு நாளும் எண்ணி எழுதுகிறாள்.

கடையில் பிளாட்டி நன்றாக இருக்கிறது, 4 சேர்க்கலாமா? குட்டிகளில் ஆண், பெண் எப்போது தெரியும்?


வெண்ணாறு | ஜூன் 7, இரவு 10.30

இப்போதே தெரிய ஆரம்பித்திருக்கும். வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்பு குச்சிபோலக் கூராக இருந்தால் ஆண், விசிறிபோல விரிந்திருந்தால் பெண். இந்த வாரமே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆடிக்குள் உங்களிடம் 100 கப்பி இருக்கும். ஆண்களை மட்டும் பெரிய தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். பிளாட்டி இப்போது வேண்டாம், 11ம் முழு அளவுக்கு வளரட்டும். பெண் குட்டிகளை என்ன செய்வதாக உத்தேசம்?


திருவையாறு அக்கா | ஜூன் 8, காலை 6.40

எனக்கு 4 பெண் கப்பி வேண்டும் தம்பி. என் தொட்டியில் ஆண்கள்தான் அதிகம், பெண்களைத் துரத்தித் துரத்திக் களைக்கவைக்கின்றன. ஒரு ஆணுக்கு 2, 3 பெண்ணாவது இருக்க வேண்டும். புதன்கிழமை கும்பகோணம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன். முதல்நாள் தீனி போடாதீர்கள், பையில் பாதிக்கு மேல் காற்று இருக்கட்டும்.


அரசலாற்றங்கரை | ஜூன் 8, காலை 7.15

சரி அக்கா. மகளும் வருகிறாள், எந்த நாலு என்று அவள்தான் எடுத்துக்கொடுப்பாளாம்.